ஒன்பது நொடி தள்ளி

ஆளைப் பயமுறுத்துவதுதான் என் பிழைப்பு. வாராவாரம் தொலைக்காட்சியில் வரும் மர்ம நிகழ்ச்சி ஒன்றுக்குப் பின்னணி இசை போடுகிறேன். துப்புக் கிடைக்காமல் போன வழக்குகளைத் தூசி தட்டி எடுத்து, தொடர்புள்ளவர்களைப் பேச வைத்து, நடுநடுவே நடிகர்களை வைத்து நடந்ததை நடித்துக் காட்டுவார்கள். கதவு திறந்தால் நான் வேண்டும். காலி நாற்காலியைக் காட்டினால் நான் வேண்டும். நான் இல்லாவிட்டால் அது வெறும் கதவு, வெறும் நாற்காலி. அலுவலகத்தில் எனக்குக் கிலியார் என்று பெயர். இயக்குநர் வைத்தது. முதலில் கோபம் வந்தது, பிறகு கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

நிகழ்ச்சியின் தொடக்க இசையும் என் கைவேலைதான். ஓர் இரும்புத் தகட்டின் விளிம்பில் வயலின் வில்லை இழுத்துப் பதிவு செய்து, அதை மூன்று மடங்கு மெதுவாக்கி, அடியில் எங்கள் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜின் முனகலைச் சேர்த்தேன். அதன் மேல் நாலே நாலு சுரம், மேலிருந்து கீழே இறங்கும். கடைசிச் சுரம் போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்காராது, கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். கேட்கிறவர் அது முடியக் காத்துக்கொண்டே இருப்பார். அதே நாலு சுரத்தை வேகம் மாற்றி, கனம் மாற்றி நிகழ்ச்சி முழுக்கத் தூவிவிடுவேன். எங்கள் குடியிருப்பில் குழந்தைகள் ஒளிந்து விளையாடும்போது அதைத்தான் முனகுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டே படியேறும்போது எனக்கு நடையில் ஒரு மிதப்பு வரும். வந்தது என்று சொல்ல வேண்டும்.

என் மாமியாருக்கு மட்டும் இந்தத் தொழில் மேல் மரியாதை கிடையாது. எங்களோடுதான் இருக்கிறார். "ஒருத்தன் ஓடறான்னா அவன் பாட்டுக்கு ஓடட்டுமே. கூடவே நீங்க எதுக்கு மாப்பிள்ளை இரும்பைத் தேய்க்கறீங்க?" என்பார். ஆனால் ஒரு வாரம்கூட நிகழ்ச்சியைத் தவறவிட்டதில்லை.

அந்த வாரம் எடுத்த வழக்கு ஒரு பள்ளி ஆசிரியையினுடையது. பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு மாலை, பள்ளி விட்டு வந்து தன் குடியிருப்பின் படிக்கட்டில் ஏறியவரை அதன்பின் யாரும் பார்க்கவில்லை. காணாமல் போவதற்கு முந்தைய வாரம் அவர் கண் சோதித்துப் புதுக் கண்ணாடிக்குச் சொல்லியிருந்தார். அந்தக் கண்ணாடிக் கடைக்காரரையும் பேட்டி எடுத்திருந்தார்கள். போலீஸ் அவரிடம் சாட்சியாக நாலு கேள்வி கேட்டதோடு சரி, சந்தேகப் பட்டியலில் ஒருநாளும் அவர் இருந்ததில்லை. எங்கள் ஆட்களும் பார்ப்பவர் மனம் இளகட்டும் என்றுதான் அவரைச் சேர்த்திருந்தார்கள்.

காட்சி வரிசை இதுதான். முதலில் இருண்ட படிக்கட்டு. அதற்கு நான் முழு பலத்தோடு கிலியை ஏற்றியிருந்தேன். படிக்கட்டு முடியும் இடத்தில் இசை சட்டென்று நின்றுவிடும். அந்த நிசப்தத்தில் கண்ணாடிக்காரர் முகம் வரும். அவர் சொல்வார்: "அவங்க கண்ணாடி இன்னும் என்கிட்டதான் இருக்கு. மேசை டிராயர்ல வெச்சிருக்கேன். மாசம் ஒருதரம் எடுத்துத் துடைச்சு வெப்பேன். வந்து கேட்டா குடுக்கணும்ல." சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரிப்பார். கேமராவுக்கு முன்னால் உட்காரத் தெரியாதவர்களுக்கு வருகிற சங்கடச் சிரிப்பு. முதல் தடவை பார்த்தபோது படத்தை நிறுத்திவிட்டு அந்த டிராயரையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அந்த இடத்தில் ஒன்றுமே போடவில்லை.

படத்தை இறுதி செய்தபின் அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். அன்று கடைசி நேரத்தில் விளம்பரத்துக்கு ஒன்பது நொடி கூடுதலாகத் தேவைப்பட்டது. எடிட்டர் படிக்கட்டுக்கு முன்னால் வரும் தெருக் காட்சியில் ஒன்பது நொடியை வெட்டினார். படமும் பேச்சும் ஒன்பது நொடி முன்னால் வந்தன. என் இசைத் தடத்தை இழுத்து வைக்க அவசரத்தில் மறந்துபோனார். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒளிபரப்புக்கு முந்தின நாள் இயக்குநரும் நானும் மற்றவர்களும் உட்கார்ந்து கடைசியாகப் பார்த்தோம். படிக்கட்டு ஒப்புக்கு முனகலோடு கடந்து போனது. கண்ணாடிக்காரர் முகம் வந்ததும் கிலி ஏறத் தொடங்கியது. "மாசம் ஒருதரம் எடுத்துத் துடைச்சு வெப்பேன்" என்ற இடத்தில் உச்சம். அந்தச் சிரிப்புக்கு நேராக நாலாவது சுரம் வந்து நின்றது. யாரோ இரண்டு கைகளையும் தேய்த்துவிட்டுக்கொண்டார்கள்.

"கிலியாரே, கொன்னுட்டீங்க. அந்தச் சிரிப்புல கொண்டுவந்து நிறுத்தினீங்க பாருங்க" என்றார் இயக்குநர்.

எனக்குத் தெரிந்துவிட்டது. நொடிகளை வைத்துத்தான் என் பிழைப்பு, தெரியாமல் இருக்குமா? ஒன்பது நொடி இழுத்து வைக்க இரண்டு நிமிட வேலை. எடிட்டர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார், ஒரு வார்த்தை போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்கே நிறுத்தணும்னு உள்ளுக்குள்ள ஒண்ணு சொல்லும் சார், அவ்வளவுதான்" என்றேன். அதைச் சொன்ன வாயை இன்றைக்கு நினைத்தாலும் அறையலாம் போலிருக்கிறது.

ஒளிபரப்பான அன்று மாமியார் திரையைக் காட்டிச் சொன்னார்: "இந்தக் கண்ணாடிக்காரன்தான். பல்லைக் காட்டறான் பாருங்க." நான் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பகுதி எங்கள் நிகழ்ச்சியிலேயே அதிகம் பேர் பார்த்ததாயிற்று. முகம் தெரியாதவர்கள்கூட அந்தச் சிரிப்பை மட்டும் நறுக்கி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். என் நாலு சுரத்தோடு.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் வரவேற்பில் இருக்கும் அம்மா போன் செய்தார். "நிகழ்ச்சி விஷயமா ஒருத்தர் வந்திருக்கார். எல்லாரும் ஷூட்டிங் போயிட்டாங்க. நீங்கதான் இருக்கீங்க, அனுப்பட்டுமா?"

கண்ணாடிக்காரர் உள்ளே வந்தார். அந்த முகத்தை நான் நொடி நொடியாக நிறுத்திப் பார்த்திருக்கிறேன், ஆனால் நேரில் ஆள் இத்தனை குட்டை என்று தெரியாது. கையில் ஒரு துணிப் பை. என் அறையின் சுவர் முழுக்க, சத்தம் எதிரொலிக்காமலிருக்க ஒட்டியிருந்த பஞ்சு அட்டைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நீங்க இங்க என்ன பண்றீங்கன்னு தெரியலை சார். நான் பேசினதைத் திரும்பப் பாக்க முடியுமான்னு கேக்கத்தான் வந்தேன். ஏதோ தப்பாப் பேசியிருக்கேன் போல."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் வாயைத் திறந்து சொல்லலை. அதான் கஷ்டமே." பையை மடியில் வைத்துக்கொண்டார். "கண்ணு டெஸ்ட் பண்ணணும்னா விளக்கை அணைக்கணும். முகத்துக்குக் கிட்டப் போகணும். இப்போ பொம்பளைங்க தனியா வர்றதில்லை. வந்தாலும் கதவைத் திறந்து வெக்கச் சொல்றாங்க. திறந்து வெச்சா வெளிச்சம் வந்துடும், எழுத்து சரியாத் தெரியாது. சரி, அதை விடுங்க, ஊர் நாலு நாள் பேசும். என் பொண்ணுதான் சார்."

வீட்டில் இவரும் மகளும் மட்டும்தானாம். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. மகளுக்குப் பத்தொன்பது வயது. காணாமல் போன ஆசிரியைதான் மூன்றாம் வகுப்பில் அவளுக்குப் பாடம் எடுத்தவர். அந்தப் பெண்ணுக்கு டீச்சர் என்றால் உயிர்.

"முன்னெல்லாம் காலேஜ் விட்டு நேரா கடைக்குத்தான் வருவா. இப்போ வர்றதில்லை. தட்டை எடுத்துக்கிட்டு ரூமுக்குப் போயிடறா. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கறா. எங்க வீட்டுல நான் அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தைக் கேட்டதே இல்லை சார், இத்தனை வருஷத்துல." கொஞ்ச நேரம் தன் விரல்களைப் பார்த்தார். "நான் சொன்னதுல எது தப்புன்னு தெரிஞ்சா அவகிட்ட விளக்கிச் சொல்லிடுவேன். அவ நம்பினா போதும்."

நான் கோப்புகளைத் தேடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் சொன்னார்: "உங்க கண்ணாடி ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு. மூக்குல புண்ணாயிடும். குடுங்க." நான் மறுப்பதற்குள் சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார். மூக்குப் பட்டையை முறுக்கி, காதுக் கம்பியை விரலால் நீவி, சட்டை நுனியால் துடைத்து, அவரே என் முகத்தில் மாட்டிவிட்டார். அந்த விரல்கள் என் காதருகில் இருந்தபோது எழுந்து எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

அவர் பேட்டியைப் போட்டுக் காட்டினேன். எதைப் போட்டேன் என்பதில்தான் என் யோக்கியதை இருக்கிறது. ஒளிபரப்பானதைப் போடவில்லை. கேமராவிலிருந்து வந்த மூலப் பதிவை, இசை சேர்க்காததைப் போட்டேன். அவர் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். இரண்டாம் முறையும் பார்த்தார்.

"சரியாத்தானே சார் பேசியிருக்கேன்?"

"சரியாத்தான் பேசியிருக்கீங்க."

"டிவியில பாத்தப்பவும் இதேதான் சொன்னேன். பின்னாடி ஏதோ பாட்டு ஓடிச்சு, அவ்வளவுதான்." பிறகு தயங்கினார். "இன்னொண்ணு கேக்கணும். கடை வாசல்ல பசங்க என்னைப் பாத்ததும் ஒரு ராகம் இழுக்கறாங்க. என்ன பாட்டுன்னு தெரியலை. உங்களுக்குத் தெரியுமா பாருங்க."

பாடிக் காட்டினார். சுருதி சேராத குரலில், தலையைக் கொஞ்சம் சாய்த்து, நாலு சுரம். கடைசிச் சுரத்தை நான் நிறுத்திய இடத்தில் நிறுத்தாமல், பாவம், அது போக வேண்டிய இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார். அவர் பாடும்போது அது ஒரு தாலாட்டுப் போல இருந்தது.

"தெரியலைங்க" என்றேன். "மக்கள் மறந்துடுவாங்க, நீங்க கவலைப்படாதீங்க" என்றும் சொன்னேன். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வெளியே போகாத அந்த அறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மனிதன் இத்தனை கேவலமாக ஆக ஒரு கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. யாராவது பாராட்டும்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அடுத்த வாரம் அந்தப் பகுதி மறு ஒளிபரப்பு. அதற்குள் சரிசெய்துவிடலாம் என்று மூன்று விதமாக அமைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். சோதித்துப் பார்க்க மாமியாரை விட்டால் ஆள் ஏது? முதலில், நான் ஆரம்பத்தில் நினைத்தபடியே, படிக்கட்டோடு இசையை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்காரர் முகத்தில் நிசப்தம். "பாத்தீங்களா, மாட்டிக்கிட்டான். அதான் கப்சிப்புன்னு ஆயிடுச்சு" என்றார் மாமியார். அடுத்து அவர் பேச்சுக்கு அடியில் மெல்லிய புல்லாங்குழல். "நீலிக்கண்ணீர் வடிக்கறான்." மூன்றாவதாக ஓர் இதமான வீணை. மாமியார் என்னையே ஏற இறங்கப் பார்த்தார். "அவன் உங்களுக்கு வேண்டியவனா மாப்பிள்ளை?"

"அத்தை, அவர் ஒண்ணுமே பண்ணலை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நடந்ததைச் சொன்னேன். என் மனைவியிடம்கூடச் சொல்லாததை அவரிடம்தான் முதலில் சொன்னேன். மாமியார் ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் பக்கத்து வீட்டுக்காரிகிட்ட எல்லாம் சொல்லிட்டேனே, இவன்தான்னு" என்றார். அன்றிரவு இருவருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

மறுநாள் இயக்குநரிடம் போனேன். திரையில் ஒரு மறுப்பு போடுங்கள் என்றேன்.

"அவரைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொன்னோமா?"

"வார்த்தையில சொல்லலை சார். மியூசிக் சொல்லிடுச்சு."

"என்னன்னு போடறது கிலியாரே? 'இந்த இடத்தில் யாரும் பயப்பட வேண்டாம்'னு கீழ எழுத்து ஓட விடட்டுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்தபின் அந்தச் சிரிப்புக்காகத் தனியாக வெட்கப்பட்டேன். மறு ஒளிபரப்பில் இசையை இருக்க வேண்டிய இடத்தில் வைக்க அனுமதி கிடைத்தது, அதற்கு மேல் இல்லை. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் கண்ணாடிக்காரருக்கு ஊர் பெரிதில்லை. அவர் கேட்டது ஒரே ஒருத்தியை. அவளிடமாவது உண்மையைச் சொல்லலாமே என்று தோன்றியது. தோன்றியபின்னும் போக நாலு நாள் பிடித்தது.

ஞாயிறு மதியம் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்கு மேலேதான் வீடு. சின்னக் கூடம், அதிலிருந்து ஒரு குறுகலான நடை, நடையின் கோடியில் மகளின் அறை. கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்து, உறவுக்காரர் வந்தது மாதிரி முகம் மலர்ந்தார். "அம்மா, டிவிக்காரர் வந்திருக்கார், கொஞ்சம் வா" என்று கூப்பிட்டார். தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. மகள் வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா நடை தொடங்கும் இடத்தில் நின்றுகொண்டார்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்த இசை நான் போட்டது. அது உங்கள் அப்பாவுக்குப் போட்டதில்லை, படிக்கட்டுக்குப் போட்டது. ஒன்பது நொடி தள்ளிப்போய் அவர் முகத்தில் விழுந்துவிட்டது. ஒளிபரப்புக்கு முந்தின நாளே எனக்குத் தெரியும். நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னதால் விட்டுவிட்டேன்.

கண்ணாடிக்காரர் அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரமானது. அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு நான் வந்தப்பவே தெரியும் உங்களுக்கு" என்றார்.

"தெரியும்."

"நான் உங்ககிட்ட பாடிக் காட்டினேனே சார்."

கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். காலடியில் தரை விரிப்பின் ஓரம் பிரிந்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள்தான் பேசினாள்.

"மியூசிக் இல்லாம இருக்கா?"

"இருக்கும்மா."

"போடுங்க."

மூலப் பதிவைப் போட்டேன். திரையில் அவள் அப்பா சொன்னார்: வந்து கேட்டா குடுக்கணும்ல. சிரித்தார். கூடத்தில் மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும்தான். அவள் மறுபடி போடச் சொன்னாள். மூன்றாம் முறையும் போடச் சொன்னாள். அந்தப் பெண் அப்பாவை நம்புவதற்கு எவ்வளவு முயற்சி செய்தாள் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி அந்த முகத்தைப் படித்தாள்.

"பாத்தியாம்மா? ஒண்ணுமே இல்லை. வெறும் பேச்சுதான்" என்றேன் நான்.

"தெரியுது அங்கிள். மியூசிக் இல்லைன்னு நல்லாத் தெரியுது." அவள் குரல் உடைந்தது. "ஆனா எனக்குக் கேக்குதே. அப்பா சிரிக்கிறப்போ எனக்கு இப்பவும் கேக்குது. வீட்டுல சிரிச்சாக்கூடக் கேக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் அழுதுகொண்டே எழுந்தாள். அறைக்குப் போக வேண்டுமானால் அப்பா நின்ற நடை வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு அடி வைத்துவிட்டு நின்றாள். அவர் ஒரு கணம் மகளைப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு, கைகள் இரண்டையும் பின்னால் கட்டி, சுவரோடு சுவராக ஒட்டி நின்று, அவளுக்கு வழி விட்டார்.